சேணக்காரர் மகன் லூயி பிரெயில்



மார்க்க மேதைகளின் சரித்திரத்தையும், கடல் கடந்து வந்து கடை வைத்து உயர்ந்த பெரியவர்களின் சரித்திரத்தையும் இந்தப் பக்கங்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வந்தது குதிரைச் சேணம் தைக்கும் ஒரு தொழிலாளியின் மகனைப் பற்றி. அவர் நம் மார்க்கத்தவரும் அல்லர், நம் தேசத்தவரும் அல்லர். அவர் இறந்து 170 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஆயினும் நம் வீடுகளில் ஒன்றிலாவது அவருடைய உதவி தேவைப்படும் நாள் வரும் என்று எனக்குத் தோன்றுகிறபடியால் இதை எழுதத் துணிந்தேன்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் தெலுக் இந்தானில் ஜவுளி வியாபாரம் செய்துவந்த ஒரு பெரியவர் இருக்கிறார். நான் சிறுவனாக அத்தாவின் கடையில் நின்ற காலத்தில், அவர் சரக்கு வாங்குவதை வேடிக்கை பார்க்கப் போவேன். கைலியைக் கண்ணால் பார்த்து எடுக்கமாட்டார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். இது எண்பதாம் நம்பர் நூல், இது நூறாம் நம்பர் நூல் என்று சொல்லிவிடுவார். ஒருநாளும் தவறியதில்லை. அந்தப் பெரியவருக்குச் சர்க்கரை வியாதி முற்றிக் கண் பார்வை போய்விட்டது. கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார். பஜ்ருத் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் ஓதாமல் தேநீர் குடிக்காதவர், இப்போது ரெஹாலைத் திறந்து வைத்துப் பக்கத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்க்கப் போனவன் என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல் திரும்பி வந்தேன். அதன் பிறகுதான் இந்தச் சரித்திரத்தை விசாரித்துப் படித்தேன்.

தோல் பட்டறையில் நடந்த விபத்து

பிரான்ஸ் தேசத்தின் தலைநகரான பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 25 மைல் தூரத்தில் கூவ்ரே என்று ஒரு கிராமம் உண்டு. அங்கே சைமன் ரெனே பிரெயில் என்பவர் சேணமும் கடிவாள வாரும் தைத்து விற்றுப் பிழைத்துவந்தார். வீட்டோடு ஒட்டினாற்போல் பட்டறை. அவருக்கு நான்கு பிள்ளைகள், கடைக்குட்டிதான் லூயி. பிறந்தது 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி.

கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கடையிலேயே வளருவது நமக்குத் தெரியாததல்ல. அத்தா எதைத் தொடுகிறாரோ அதைப் பிள்ளையும் தொட்டுப் பார்க்கும். லூயிக்கு 3 வயதாயிருக்கும்போது, தகப்பனார் கவனிக்காத சமயம் தோல் துளைக்கும் ஊசியை எடுத்து விளையாடினான். ஊசி வழுக்கி ஒரு கண்ணைக் குத்திவிட்டது. அக்காலத்தில் புண்ணில் சீழ் வைக்காமல் தடுக்கும் மருந்து கிடையாது. ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கும் நோய் பரவி, 5 வயதுக்குள் இரண்டு கண்ணும் முழுவதுமாக அவிந்துபோயின.

அந்தக் காலத்தில் ஏழை வீட்டில் பார்வையற்ற பிள்ளை என்றால் கதி என்ன? தெருவில் கையேந்துவது, அல்லது வீட்டு மூலையில் முடங்குவது. சைமன் இந்த இரண்டுக்கும் விடவில்லை. பிள்ளை தானே ஊரைச் சுற்றிவரும்படி கைத்தடி செய்து கொடுத்தார். பலகையில் ஆணிகளை எழுத்து வடிவமாக அறைந்து, தடவி எழுத்தைப் படிக்கச் செய்தார். பட்டறையில் சிறு சிறு வேலையும் கொடுத்தார். ஊர்ப் பாதிரியார் பலூயி என்பவர் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததோடு, கிராமத்துப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டார். ஆசிரியர் பெஷெரே மற்றப் பிள்ளைகளோடு அவனையும் உட்காரவைத்தார். பையன் காதால் கேட்டே வகுப்பில் முன்னணியில் நின்றான்.

சகோதரர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும். பிற்காலத்தில் உலகமே போற்றிய மனிதரை உண்டாக்கியது முதலில் ஒரு தகப்பனுடைய ஆணிப்பலகைதான்.

பாரிஸ் பள்ளிக்கூடம்

பாரிஸில் பார்வையற்ற சிறுவர்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதைத் தொடங்கியவர் வாலண்டைன் ஆயி என்ற கண்ணுள்ள மனிதர். 1771இல் ஒரு சந்தையில், பார்வையற்ற சிலருக்குப் பெரிய மூக்குக் கண்ணாடியை மாட்டி, கோமாளி வேஷம் போட்டு, வாத்தியம் வாசிக்கச் சொல்லி ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். அந்தச் சிரிப்பு அவர் நெஞ்சில் தைத்தது. பிச்சை எடுத்துக்கொண்டிருந்த லெசூர் என்ற இளைஞனை அழைத்து, அவன் பிச்சையில் இழக்கும் வருமானத்தைத் தாமே கொடுத்துப் படிக்கவைத்தார். அதிலிருந்து 1785ஐ ஒட்டி ஏற்பட்டதுதான் அந்தப் பள்ளிக்கூடம். உலகத்தில் இப்படிப்பட்ட பள்ளிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

1819 பிப்ரவரி 15ஆம் தேதி, 10 வயது லூயி அங்கே சேர்ந்தான். கட்டடம் பழையது; ஈரம் கசியும்; பிள்ளைகளுக்கு நோய் அதிகம். படிப்பு எப்படியென்றால், சாதாரண எழுத்தையே பெரிதாக வார்த்து, ஈரத்தாளில் அழுத்தி மேடாகப் புடைக்கவைத்த புத்தகங்கள். ஒவ்வொன்றும் மூட்டைபோல் கனக்கும். ஓர் எழுத்தின் வளைவு நெளிவுகளையெல்லாம் விரலால் தடவி முடிப்பதற்குள் முந்திய எழுத்து மறந்துவிடும். விலையும் அதிகம், ஆகவே புத்தகங்களும் சொற்பம். எல்லாவற்றிலும் பெரிய குறை, பிள்ளைகள் இதை வாசிக்கலாமேயொழிய எழுத முடியாது. எழுத முடியாதவன் கணக்கு வைக்க முடியாது. கடிதம் போட முடியாது. கொடுத்தது வாங்கியதற்கு அத்தாட்சி வைக்க முடியாது. எதற்கும் இன்னொருவன் கையை எதிர்பார்த்தே நிற்கவேண்டும். வியாபாரிகளாகிய நமக்கு இந்தக் கஷ்டத்தை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

ஆறு புள்ளிகள்

1821இல் சார்லஸ் பார்பியே என்ற முன்னாள் பீரங்கிப் படை அதிகாரி ஒரு புதுமுறையைப் பள்ளிக்கூடத்தாருக்குக் காட்டினார். கோடுகளை விட்டுவிட்டு, தாளில் மேடாக நிற்கும் புள்ளிகளால் எழுதும் முறை அது. நிரைக்கு ஆறாக இரண்டு நிரை, ஆக 12 புள்ளிகள் வரை வரும். விரலுக்குப் புள்ளி தெரிகிற அளவு கோடு தெரிவதில்லை என்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுகொண்டார்கள். ஆனால் அதிலும் குறைகள் இருந்தன. 12 புள்ளிகள் விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அது ஒலியை மட்டும் குறித்ததே தவிர எழுத்துக்கூட்டலைக் காட்டவில்லை. எண்ணுக்கும் நிறுத்தக்குறிக்கும் அதில் இடமில்லை.

லூயிக்கு அப்போது 12 வயது. பகலில் பாடம், இரவிலும் விடுமுறையிலும் புள்ளி என்று மூன்று ஆண்டுகள் உழைத்து, 1824இல், 15 வயதில், தம்முடைய முறையை உருவாக்கிவிட்டார். பன்னிரண்டைப் பாதியாக்கி ஆறாகக் குறைத்தார். நிரைக்கு மூன்றாக இரண்டு நிரை. ஓர் எழுத்து சுமார் ஒரு துவரம்பருப்பு அளவுதான். விரல் நுனியை ஒருமுறை வைத்தால் எழுத்து முழுவதும் விரலுக்குள் வந்துவிடும். ஆறு புள்ளிகளில் எவை மேடு, எவை வெறுமை என்பதை மாற்றி மாற்றி அமைத்தால் 63 வகை அடையாளங்கள் கிடைக்கின்றன. எழுத்து, எண், நிறுத்தக்குறி, சங்கீதக் குறி எல்லாம் அதற்குள் அடங்கின.

எழுதுவதற்கு ஒரு சட்டமும் ஓர் ஊசியும் போதும். தாளின் பின்பக்கத்திலிருந்து குத்தினால் முன்பக்கம் மேடாக எழும்பும். ஆகையால் வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாக வாசிக்கவேண்டும். அரபியைப்போல் எழுதித் தமிழைப்போல் வாசிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தமாதிரி ஊசி அவருடைய கண்ணைக் கெடுத்ததோ, அந்தமாதிரி ஊசியே பார்வையற்றோருக்குப் பேனாவாயிற்று.

அவர் அதே பள்ளியில் 1828இல் உதவி ஆசிரியராகவும், 1833இல் முழு ஆசிரியராகவும் ஆனார். 1829இல் தம் முறையை விளக்கிப் புத்தகம் வெளியிட்டார். ஆர்கன் என்னும் பெரிய வாத்தியத்தை வாசிப்பதிலும் பெயர் பெற்றிருந்தார்.

எதிர்ப்பும் பொறுமையும்

நல்ல சரக்கு என்பதற்காக உடனே விலைபோய்விடுவதில்லை. பார்வையுள்ள ஆசிரியர்கள் பலருக்கு இந்த முறை பிடிக்கவில்லை. பார்வையற்றவர்களுக்குத் தனி எழுத்து இருந்தால் அவர்கள் மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோவார்கள் என்றார்கள். ஆதரவாயிருந்த தலைமையாசிரியர் பின்யே 1840இல் விலக்கப்பட்டார். அடுத்து வந்த டூஃபோ என்பவர் புள்ளி எழுத்தை வகுப்பில் தடைசெய்தார். பிள்ளைகளோ மறைவில் அதையே எழுதிக்கொண்டிருந்தார்கள். கண்ணுள்ளவர்கள் தடுத்ததைக் கண்ணில்லாத சிறுவர்கள் காப்பாற்றினார்கள்.

லூயி சண்டைக்குப் போகவில்லை. கண்ணுள்ளவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதுதானே குறை என்று, 1839இல் சாதாரண எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் அமைக்கும் இன்னொரு முறையையும் கண்டுபிடித்தார். ஊரிலிருக்கும் தாயாருக்கும் நண்பருக்கும் பார்வையற்ற பிள்ளை தன் கையாலேயே கடிதம் எழுத அது வழி செய்தது. பியேர் ஃபூக்கோ என்ற பார்வையற்ற நண்பர் அதை எளிதாக்க ஓர் எழுதும் இயந்திரமும் செய்தார்.

கடைசியில் துணைத் தலைவர் குவாடே என்பவர் டூஃபோவின் மனத்தைத் திருப்பினார். 1844 பிப்ரவரியில் புதுக் கட்டடத் திறப்பு விழாவில், சபையோர் முன்னிலையில் பிரெயில் முறை வாசித்தும் எழுதியும் காட்டப்பட்டது. அன்றோடு தடை ஒழிந்தது.

திறக்கவேண்டாம் என்ற பெட்டி

பழைய கட்டடத்தின் ஈரம் அவரைச் சும்மா விடவில்லை. 26 வயது முதலே சயரோகம் பிடித்திருந்தது. 1852 ஜனவரி 6ஆம் தேதி, 43 வயது நிரம்பி இரண்டாம் நாள், காலமானார். அவருடைய தேசத்து அரசாங்கம் அவருடைய எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல். அதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் விட்டுச்சென்ற சாமான்களில் ஒரு சிறு மரப்பெட்டி இருந்தது. அதைத் திறக்காமல் எரித்துவிடவேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். ஆவல் தாங்காமல் திறந்து பார்த்தார்கள். உள்ளே இருந்தவை கடன் சீட்டுகள். ஏழை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் தம் சொற்பச் சம்பளத்திலிருந்து கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த சீட்டுகள். தமக்குப் பிறகு வாரிசுகள் யாரும் அவற்றைக் காட்டி வசூலிக்கக்கூடாது, வாங்கியவர் பெயரும் வெளியாகக்கூடாது என்பதே அவருடைய எண்ணம். சீட்டுகள் எரிக்கப்பட்டன.

நம் கடைகளில் பற்றுவரவு நோட்டு இல்லாத கடை ஏது? கஷ்டப்பட்டவனுக்குத் தவணை கொடுப்பதையும், முடிந்தால் தள்ளிவிடுவதையும் நம் மார்க்கம் எவ்வளவு உயர்த்திச் சொல்லியிருக்கிறது என்பதை மத்ரஸாவில் ஓதிய சிறுபிள்ளையும் அறியும். நமக்குச் சொல்லப்பட்டதை அந்த மனிதர் செய்துவிட்டுப் போனார் என்று படித்தபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

100ஆவது நினைவாண்டான 1952இல் அவருடைய உடலைக் கூவ்ரேயிலிருந்து எடுத்துச் சென்று, பாரிஸில் தேசத்துப் பெரியோர்களை அடக்கும் பாந்தியோன் மண்டபத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய கைகளின் எலும்புகளை மட்டும் பிறந்த ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள்.

பாக்தாதில் ஒரு புத்தக வியாபாரி

லூயி பிரெயிலுக்குச் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழியில் யோசித்த ஒருவர் நம் முன்னோர்களில் இருந்திருக்கிறார். ஜைனுத்தீன் அல் ஆமிதீ என்பது அவர் பெயர். சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். பாக்தாதில் பெரிய ஆலிமாக விளங்கியவர். புத்தக வியாபாரமும் செய்தவர். கி.பி. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். அவர் ஒரு கிதாபை வாங்கினால், மெல்லிய காகிதத்தைத் திரித்து, விலையைக் குறிக்கும் எழுத்து வடிவமாக வளைத்து, அட்டையின் உட்புறத்தில் ஒட்டி, அதன்மேல் இன்னொரு தாளையும் ஒட்டிவிடுவாராம். பிறகு எப்போது வேண்டுமானாலும் தடவிப் பார்த்து, என்ன விலைக்கு வாங்கினோம் என்று தெரிந்துகொள்வாராம். பார்வையற்ற பெரியோர்களைப் பற்றித் தனி நூல் எழுதிய ஸஃபதீ அவர்கள் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். கொள்முதல் விலையைப் பிறர் அறியாமல் சரக்கில் குறித்துவைப்பது நாமும் செய்கிற காரியமல்லவா?

ஆமிதீ அவர்களின் வழி அவர்களோடு நின்றுவிட்டது. பிரெயிலின் வழி எல்லோருக்கும் ஆயிற்று. பின்வந்தவர்கள் அதைக் கற்பித்துப் பரப்பினார்கள் என்பதே வித்தியாசம்.

நம் மொழிகளில் புள்ளி எழுத்து

தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் 1890ஐ ஒட்டி ஆஸ்க்வித் அம்மையார் என்ற ஆங்கில மாது பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கி, புள்ளி எழுத்தைத் தமிழுக்குப் பொருத்தினார். நம் நாட்டில் 1926இல் மலாக்காவில் தோன்றிப் பின்னர் பினாங்குக்கு மாறிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் முதன்மையானது. 1951இல் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் ஏற்பட்டது. இந்தியாவில் மொழிக்கொரு முறையாக இருந்த குழப்பம் நீங்கி, பாரதி பிரெயில் என்ற பொதுமுறை அதே 1951இல் வந்தது. யுனெஸ்கோ ஸ்தாபனம் முன்னின்று, அரபி முதலிய மொழிகளுக்கும் ஒத்த முறை காண உதவியது.

இதனால் ஓர் ஆச்சரியம் விளைந்திருக்கிறது. தமிழின் அ, அரபியின் அலிஃப், மலாயின் முதலெழுத்து மூன்றுக்கும் ஒரே அடையாளம்: இடது மேல் மூலையில் ஒற்றைப் புள்ளி. நம் லகரமும் லாமும் ஒன்று. மகரமும் மீமும் ஒன்று. அரபியும் இதில் இடமிருந்து வலமாகவே செல்லும். நம் பாட்டனார்கள் தமிழை அரபி எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்று கிதாபுகள் செய்தார்கள். மலாய்க்காரர்கள் ஜாவி எழுதினார்கள். எழுத்து வேறு, மொழி வேறு என்பது நமக்குப் புதிதல்ல. குர்ஆன் ஷரீஃபும் புள்ளி எழுத்தில் கிடைக்கிறது.

இன்று இன்னும் எளிய சாதனங்கள் வந்திருக்கின்றன. கைப்பேசியே தன் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும். 2006இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் தொடங்கிய என்விடிஏ என்ற கணினிச் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. கணினியோடு சேர்த்தால் சிறு ஊசிமுனைகள் எழும்பியும் தாழ்ந்தும் பிரெயில் வரியாக மாறும் பலகைகளும் உண்டு. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2020இல், நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும் மணி என்ற செயலியை வெளியிட்டது. சர்க்கரை வியாதிக்காரர்களில் சிலருக்கு விரல் மரத்துப்போவதுண்டு. அப்படிப்பட்டவர்களுக்குப் பேசும் சாதனமே தோது.

செய்யவேண்டியது

இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒரு கெட்டி அட்டையில் அலிஃப், லாம், மீம் மூன்றையும் கோணி ஊசியால் குத்தினேன். முதல் அட்டை வீண். பின்பக்கம் குத்தும்போது இடவலம் மாற்றவேண்டும் என்பதை மறந்து, எழுத்தெல்லாம் திரும்பிவிட்டது. இரண்டாவது அட்டையை எடுத்துக்கொண்டு அந்த ஜவுளிக்கடைப் பெரியவரிடம் போனேன். இது எந்த எழுத்து, இது எந்த எழுத்து என்று விரலைப் பிடித்துக் காட்டினேன். பழைய வழக்கப்படி பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துத் தேய்க்கப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை மட்டும் மெதுவாக ஓட்டினார். மூன்றாம் முறை நான் சொல்லாமலே மூன்றையும் ஓதினார். சற்று நேரம் பேசவில்லை. பின்பு, மிச்ச எழுத்துகளை எப்போது கொண்டுவருவாய் தம்பி என்று கேட்டார்.

எனக்கு அதற்குமேல் தெரியாது. நான் மத்ரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டும் படித்தவன். முறையாகக் கற்பிக்கத் தெரிந்தவரை ஈப்போவிலிருந்தோ பினாங்கிலிருந்தோ மாதம் ஒருமுறை அழைத்துவர நம் சங்கத்தார் ஏற்பாடு செய்யவேண்டும். ஒரு கல்யாண விருந்தில் மிஞ்சும் பிரியாணியின் செலவுகூட அதற்கு ஆகாது. பார்வை குறைந்த பிள்ளை எந்த வீட்டிலாவது இருந்தால், மறைத்துவைக்காமல் பள்ளிக்கு அனுப்புங்கள். 40 வயது தாண்டிய சர்க்கரை வியாதிக்காரர்கள் வருஷம் ஒருமுறையாவது கண் டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள். முன்கூட்டிக் கண்டால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம் என்கிறார்கள்.

கூவ்ரே கிராமத்துச் சேணக்காரர் ஒரு பலகையில் சில ஆணிகளை அறைந்தார். நம் வீட்டிலும் பலகை இருக்கிறது, ஆணியும் இருக்கிறது. அதை எடுத்து அறையும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.